கோடைமலை மேசை: கிளாஸ் சமநிலை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழனி மலைத்தொடரைக் களமாக வைத்து, சங்க காலச் சாயலில் நாங்கள் ஆடும் மேசை ஆர்பிஜி (ஆளுக்கொரு பாத்திரமேற்று ஆடும்) விளையாட்டுக்கான பக்கம் இது. அடிப்படை விதிகள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற விளையாட்டின் 2014 பதிப்பிலிருந்து வந்தவை. சித்தர், பாணர், மலைவழிகாட்டி போன்ற கிளாஸ்களை நாங்களே எழுதிச் சேர்த்தோம். கொடைக்கானல், பழனி, பெரியகுளம் பக்கம் சொந்தமாக மேசை தொடங்குகிறவர்கள் அனுப்பும் கேள்விகளில் பெரும்பாதி ஒரே விஷயத்தைச் சுற்றியே இருக்கிறது: எந்தக் கிளாஸும் மற்றதை விழுங்காமல் பார்த்துக்கொள்வது எப்படி?

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொள்கிறார்கள். கதையை நடத்தி, எதிரிகளையும் ஊரையும் மழையையும் பேச வைக்கிறவர் டிஎம். பாத்திரத்தின் தொழிலும் திறமையும் சேர்ந்ததுதான் கிளாஸ். அனுபவம் சேரச் சேரப் பாத்திரம் ஏறும் படி லெவல். செய்கிற காரியம் பலிக்குமா என்பதை 20 முகப் பகடை தீர்மானிக்கிறது.

சமநிலை என்றால் எல்லா கிளாஸும் ஒரே அளவு அடிக்க வேண்டும் என்பதா?

இல்லை. ஒரு சாயங்காலம் ஆடி முடித்து எழுந்திருக்கும்போது, மேசையில் இருந்த ஒவ்வொருவரும் "அந்த இடத்தில் நான் இல்லையென்றால் காரியம் நடந்திருக்காது" என்று ஒரு இடத்தையாவது சொல்ல வேண்டும். நாங்கள் சமநிலை என்பது இதைத்தான். அடிக்கணக்கு அதில் ஒரு பகுதி மட்டுமே. பேச்சு, பயணம், தகவல் சேகரிப்பது, ஒளிந்து போவது, காயம் ஆற்றுவது எல்லாம் கணக்கில் வரும். இன்னொன்றும் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை: ஒவ்வொருவருக்கும் கிடைக்கிற நேரம்.

ஆடுகிறவர்கள் ஒருவரையொருவர் எதிர்த்து நிற்கும் கம்ப்யூட்டர் கேம்களில் எண்கள் நூல் பிடித்தாற்போல் இருந்தாக வேண்டும். இங்கே எல்லாரும் ஒரே அணி. எண்கள் கொஞ்சம் முன்பின் இருந்தால் யாரும் தோற்றுப்போவதில்லை. ஒருவருடைய வேலையை இன்னொருவர் முழுதாகப் பிடுங்கிக்கொள்ளும்போதுதான் வலிக்கிறது.

ஆரம்பத்திலிருந்தே இந்தப் பிரச்சினை இருக்கிறதா?

இருக்கிறது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் 1974-இல் வெளியிட்ட முதல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் மூன்றே கிளாஸ்கள்: போர்வீரன், மந்திரவாதி, பூசாரி. திருடன் 1975-இல் வந்த துணைப் புத்தகத்தில் சேர்ந்தான். மந்திரவாதி பின்னால் மிகவும் பலசாலியாகிவிடுவான் என்பது அப்போதே தெரியும். அதனால் லெவல் ஏறுவதற்கான விலையை வேறுவேறாக வைத்தார்கள். இரண்டாம் லெவலுக்குப் போர்வீரனுக்கு 2000 அனுபவப் புள்ளி, மந்திரவாதிக்கு 2500, பூசாரிக்கு 1500, திருடனுக்கு 1200. முதல் லெவல் மந்திரவாதிக்கு நாளுக்கு ஒரே மந்திரம். அதைச் சொல்லிவிட்டால் அப்புறம் மற்றவர்கள் முதுகுக்குப் பின்னால் நிற்க வேண்டியதுதான்.

அதாவது முதல் ஆறு மாதம் நீ பொறுத்துக்கொள், பின்னால் மற்றவர்கள் பொறுத்துக்கொள்வார்கள் என்கிற ஏற்பாடு. காகிதத்தில் அது சரி. ஆனால் கல்லூரி முடிந்து, வேலை மாறி, ஊர் மாறிப் பாதியில் நின்றுபோகிற மேசைகளே அதிகம். பொறுத்துக்கொண்டவர்களுக்குப் பலன் வந்து சேர்வதில்லை.

2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு எல்லா கிளாஸுக்கும் ஒரே புள்ளி அட்டவணையைக் கொடுத்தது. ஆனால் மந்திரவாதியின் பலத்தைக் குறைக்கவில்லை. விலை சமமானது, சரக்கு சமமாகவில்லை. 2008-இன் நான்காம் பதிப்பு நேரெதிராகப் போனது. எல்லா கிளாஸுக்கும் ஒரே அமைப்பு: எப்போதும் செய்யக்கூடியது, சண்டைக்கு ஒருமுறை, நாளுக்கு ஒருமுறை. கணக்கு அழகாக உட்கார்ந்தது. ஆனால் வாளை எடுத்தாலும் மந்திரத்தை எடுத்தாலும் கையில் ஒரே மாதிரி இருக்கிறது என்று பலர் விலகினார்கள். 2014 பதிப்பு வித்தியாசங்களைத் திரும்பக் கொண்டுவந்து, நடுவழி ஒன்றைத் தேடியது. நாங்கள் அதை அடிப்படையாக எடுத்துக்கொண்டதற்குக் காரணம் அந்தத் தேடல்தான்.

ஐந்தாம் லெவல் வந்ததும் வீரர் பின்தங்குகிறார். மந்திரவாதி ஒரு தீப்பந்து வீசினால் சண்டையே முடிந்துவிடுகிறது. என்ன செய்வது?

அதிகம் வரும் கேள்வி இது, அதனால் கணக்கைப் போட்டே பார்ப்போம்.

தீப்பந்து எட்டு ஆறுமுகப் பகடை. ஒரு பகடையின் சராசரி 3.5, ஆக 28. பாதிப் பேர் தப்பித்துப் பாதி அடி வாங்குகிறார்கள் என்று வைத்தால் ஆளுக்குச் சராசரி 21. நான்கு எதிரிகள் நெருக்கமாக நின்றால் மொத்தம் 84. ஐந்தாம் லெவல் வீரர் இரண்டு கைகளாலும் பிடிக்கும் பெரிய வாளோடு ஒரு சுற்றில் (எல்லாருக்கும் ஒவ்வொரு முறை வந்து போகும் நேரம்) இரண்டு வெட்டு வெட்டுகிறார். வெட்டுக்குச் சராசரி 11. நூற்றுக்கு 65 தடவை படும் என்றால் சுற்றுக்கு 14.3. 84 எங்கே, 14.3 எங்கே? இந்த இடத்தில்தான் எல்லாரும் கணக்கை நிறுத்திவிடுகிறார்கள்.

இப்போது ஒரே பெரிய எதிரியை நிறுத்துங்கள். தீப்பந்து அதே 21 தான் செய்யும். அது மூன்றாம் நிலை மந்திரம். மந்திரவாதிக்கு அந்த லெவலில் மூன்றாம் நிலைக்கு இரண்டு இடங்கள், அதாவது நாளுக்கு இரண்டு தடவை சொல்லலாம். குறு ஓய்வில் (நடுவில் சிறிது இளைப்பாறுவது) நாளுக்கு ஒருமுறை இன்னொன்றைத் திரும்பப் பெறலாம். ஆக மூன்று தீப்பந்து. மூன்று சுற்றுச் சண்டைகள் ஆறு நடக்கிற ஒரு நாளில் மீதிப் பதினைந்து சுற்றும் சின்ன தீக்கணைதான், சுற்றுக்கு ஏழு. மொத்தம் சுமார் 170. கீழ்நிலை மந்திரங்களைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் ஏறும். வீரருக்கு அதே நாளில் பதினெட்டுச் சுற்று. ஒவ்வொரு குறு ஓய்வுக்குப் பிறகும் ஆக்‌ஷன் சர்ஜ் (ஒரே முறையில் இரண்டு தடவை செயல்படும் திறமை) திரும்பக் கிடைப்பதால், நாளில் இரண்டு குறு ஓய்வு என்றால் மூன்று தடவை இரட்டை முறை. மொத்தம் 300. கூட்டத்துக்கு மந்திரவாதி, தனிப் பெரிய எதிரிக்கு வீரர். அடிக்கணக்கில் வீரர் அவ்வளவொன்றும் பின்தங்கவில்லை.

அவர் பின்தங்குவது சண்டைக்கு வெளியே. அதே ஐந்தாம் லெவலில் மந்திரவாதிக்குப் பறக்கும் மந்திரம் கிடைக்கிறது. கொடைக்கானல் தூண் பாறை ஏறத்தாழ 400 அடி உயரம். பறக்கும் வேகம் சுற்றுக்கு 60 அடி, ஒரு சுற்று ஆறு வினாடி. ஒரு நிமிடம் ஆவதற்குள் மந்திரவாதி உச்சியில் நிற்பார். வீரருக்கு அதே பாறை ஒரு சாயங்காலம் முழுக்க ஆட வேண்டிய காட்சி: கயிறு, ஈரப்பாறை, மூடுபனி, கீழே பார்க்காமல் இருப்பது. அந்தக் காட்சி ஒரே வரியில் தீர்ந்துபோகிறது. வீரருக்கு அந்த லெவலில் கிடைத்தது இன்னொரு வெட்டு.

எனவே வீரரின் வாளுக்குப் பகடை கூட்டாதீர்கள். சண்டைக்கு வெளியே கதவுகளைத் திறக்கும் ஏதாவது கொடுங்கள். பழைய விதிகளில் ஒன்பதாம் லெவல் போர்வீரன் கோட்டை கட்டினால் படை வந்து சேரும். பின்வந்த பதிப்புகளில் அது கழன்றுவிட்டது, அதை ஒரு இழப்பாகவே பார்க்கிறேன். எங்கள் மேசையில் ஐந்தாம் லெவல் வீரருக்கு ஏனாதிப் பட்டமும் மோதிரமும் உண்டு. சங்க கால வேந்தர்கள் படைத்தலைவருக்குக் கொடுத்த பட்டம் அது. மோதிரத்தைக் காட்டினால் காவல் காட்டில் நிற்கும் வில்வீரர்கள் வழிவிடுவார்கள். ஊர் மன்றத்தில் பேச இடம் கிடைக்கும். ஆறு ஆட்கள் சுமை தூக்கவும் காவல் இருக்கவும் கூட வருவார்கள். பறக்கிற மந்திரவாதியால் இதில் எதையும் செய்ய முடியாது.

நாளுக்கு ஆறு சண்டையா? எங்கள் மேசையில் ஒரு நாளுக்கு ஒன்று நடந்தாலே அதிகம்.

பிரச்சினையின் வேர் இதுதான். 2014-இன் டிஎம் கையேடு ஒரு சாகச நாளுக்கு ஆறு முதல் எட்டு நடுத்தரமான அல்லது கடினமான மோதல்களையும், நடுவில் இரண்டு குறு ஓய்வையும் வைத்துத்தான் கிளாஸ்களை எடைபோட்டது. குறு ஓய்வு ஒரு மணி நேரம், நெடு ஓய்வு எட்டு மணி நேரம். வீரருக்குக் குறு ஓய்விலேயே பலம் திரும்புகிறது. மந்திரவாதிக்குப் பெரும்பாலானவை இரவு தூங்கி எழுந்தால்தான். நாளுக்கு ஒரே மோதல் என்றால் மந்திரவாதி கையிருப்பு முழுவதையும் அதிலேயே கொட்டுவார், மறுநாள் எல்லாம் திரும்ப வந்துவிடும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஓய்வு அவ்வளவு மலிவாகக் கிடைக்கிறது.

கையேட்டிலேயே ஒரு மாற்று விதி இருக்கிறது: குறு ஓய்வுக்கு எட்டு மணி நேரம், நெடு ஓய்வுக்கு ஏழு நாள். நல்ல யோசனை. ஆனால் ஏழு நாள் எங்கே உட்காருவது என்ற கேள்வி கதையைத் தடுக்கிறது. நாங்கள் நேரத்தை விட்டுவிட்டு இடத்தைப் பிடித்துக்கொண்டோம். ஊரில், கோயில் மண்டபத்தில், தெரிந்தவர் வீட்டில் தூங்கினால்தான் நெடு ஓய்வு. காட்டில் எத்தனை மணி நேரம் தூங்கினாலும் குறு ஓய்வுதான்.

இதற்குப் பழனி மலை பிரமாதமான களம். கும்பக்கரை அருவியிலிருந்து வெள்ளகவி வழியாக வட்டக்கானலுக்கு ஏறும் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே வெயில் காயும் புதர்க்காடு, மேலே 2000 மீட்டரைத் தாண்டிய குளிரும் சோலையும். நடுவில் வெள்ளகவி, காலங்காலமாக நடைபாதையை மட்டும் நம்பியிருந்த ஊர். அங்கே ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. நம் விளையாட்டில் அந்த ஏற்றம் ஒரே ‘நாள்’. அருவியில் ஒரு மோதல், ஓடையைத் தாண்டும்போது ஒன்று, இரவில் கரடி, மறுநாள் காலையில் காட்டுமாட்டுக் கூட்டம் பாதையை மறிப்பது. இவை அத்தனைக்கும் பிறகுதான் ஊர் வரும், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் நெடு ஓய்வு எடுக்கலாம். அதுவரை மந்திரவாதி ஒவ்வொரு மந்திரத்தையும் யோசித்துத்தான் செலவழிப்பார். வீரர் ஒவ்வொரு காலையிலும் புதிதாக எழுந்திருப்பார். கிளாஸ் விதியில் ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை. ஓய்வை மட்டும் மாற்றினோம், எங்களுக்கு வந்த புகார்களில் பெரும்பகுதி நின்றுபோனது.

எல்லாக் காட்டுவழியும் இப்படி நீள வேண்டும் என்பதில்லை. அவசரமான நகரக் கதை நடத்துகிறீர்கள் என்றால் மணிக்கணக்கை வையுங்கள்: விடிவதற்குள் முடிக்க வேண்டிய காரியம் என்றால் தூங்க யாருக்கும் நேரமிருக்காது.

கள்வர் ஒரே குத்தில் கைநிறையப் பகடை உருட்டுகிறார். அது அநியாயம் இல்லையா?

பகடைச் சத்தம்தான் பெரிது. ஐந்தாம் லெவலில் மறைந்து தாக்கும் திறமைக்கு மூன்று ஆறுமுகப் பகடை, குறுவாளுக்கு ஒரு பகடை, கைத்திறனுக்கு நான்கு புள்ளி. சராசரி 18. ஆனால் ஒரே குத்து. 65 விழுக்காடு வாய்ப்பில் 11.7 தான். இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுக்கும் சாதகநிலை கிடைத்தால் வாய்ப்பு 88 விழுக்காட்டை நெருங்கும், அடி 15.8 ஆகும். வீரருக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். பாதிக்குப் பாதி டிஎம்கள் இதைப் பார்த்துப் பயந்து, மறைவிடமே இல்லாத வெட்டவெளியில் சண்டை வைக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மூடுபனியும் யூக்கலிப்டஸ் தோப்பும் இல்லாத கொடைக்கானல் சண்டையை என்னால் கற்பனைகூடச் செய்ய முடியவில்லை. (சரி, சங்க காலத்தில் யூக்கலிப்டஸ் கிடையாது, அது பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்த மரம். சோலை மரங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

மலைவழிகாட்டியை எடுத்தவர் சலிப்பாக இருக்கிறது என்கிறார். மலைக்கதையில் அவர்தானே நாயகராக இருக்க வேண்டும்?

2014 பதிப்பில் காட்டுவழி தெரிந்த கிளாஸான ரேஞ்சர்தான் இதற்கு மூலம். அவருக்குப் பழக்கமான நிலப்பரப்பில் மாயத்தால் தவிரக் குழு வழி தவறாது, கரடுமுரடான தரை வேகத்தைக் குறைக்காது, சாப்பாடு தேடினால் இருமடங்கு கிடைக்கும். படிக்கும்போது பலம். ஆடும்போது என்ன நடக்கிறது? "மூடுபனி இறங்குகிறது, பாதை தெரியவில்லை" என்று டிஎம் ஆரம்பிக்கிறார். "எனக்கு வழி தவறாது" என்கிறார் ரேஞ்சர். காட்சி முடிந்தது. அவர் ஜொலிக்க வேண்டிய காட்சியை அவருடைய திறமையே அழித்துவிட்டது.

கிளாஸ் எழுதுகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு திறமை காட்சியைத் திறக்க வேண்டும், மூடக் கூடாது. எங்கள் மலைவழிகாட்டிக்கு வழி தவறாத வரம் கிடையாது. மாறாக, காட்டில் நிற்கும்போது டிஎம்மிடம் கேள்வி கேட்கலாம், பொய்யில்லாத பதில் வர வேண்டும். இந்தச் சாணி எப்போது போட்டது? தண்ணீர் எந்தப் பக்கம்? கடைசியாக இங்கே நடந்தவர் சுமையோடு போனாரா, வெறுங்கையோடா? குறு ஓய்வுக்கு மூன்று கேள்வி. பதில் கிடைத்ததும் குழு முழுவதும் வாக்குவாதத்தில் இறங்கும்: புல்வெளியைச் சுற்றிப் போனால் காட்டுமாட்டைத் தவிர்க்கலாம், சோலைக்குள் புகுந்தால் நேரம் மிச்சம், ஆனால் அட்டை கடிக்கும். முடிவை எல்லாரும் எடுக்கிறார்கள், வழிகாட்டியின் பேச்சைக் கேட்டு எடுக்கிறார்கள். அவருடைய அடிக்கணக்கு வீரரைவிடக் குறைவுதான். இதுவரை எங்கள் மேசையில் யாரும் அதைக் கூட்டச் சொல்லவில்லை.

சித்தர் கிளாஸ் எழுதுகிறோம். எட்டுச் சித்திகளையும் கொடுக்கலாமா?

பழனி மலையில் ஆடிவிட்டுச் சித்தர் இல்லாமல் முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எட்டையும் வரிசையாக எழுதி ஒவ்வொன்றும் விளையாட்டை என்ன செய்யும் என்று பாருங்கள். அணிமா, அணுவளவு சிறிதாவது. மகிமா, மலையளவு பெரிதாவது. லகிமா, காற்றைப்போல் இலேசாவது. கரிமா, அசைக்க முடியாத கனமாவது. இவை நான்கும் சித்தரின் உடம்போடு நிற்பவை. அடுத்து பிராப்தி, நினைத்ததை அடைவது. பிராகாமியம், கூடுவிட்டுக் கூடு பாய்வது. ஈசத்துவம், எல்லாவற்றின்மேலும் ஆட்சி. வசித்துவம், எதையும் வசப்படுத்துவது. இந்த நான்கும் கதையையே கையில் எடுத்துக்கொள்பவை.

முதல் நான்கை ஒன்றாம் லெவலிலிருந்து பத்தாம் லெவல் வரை பரப்பிக் கொடுங்கள், பயமில்லாமல் கொடுங்கள். ஒரே நிபந்தனை: தன் உடம்புக்கு மட்டும். லகிமாவில் சித்தர் தூண் பாறையின் உச்சிக்கு மிதந்து போகலாம். மற்ற நால்வரையும் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஆனால் கயிற்றின் நுனியை எடுத்துக்கொண்டு போகலாம். மேலே கட்டியதும் வீரர் ஏற வேண்டும், ஏறி மற்றவர்களை இழுக்க வேண்டும். மேலே சொன்ன பறக்கும் மந்திரத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். சித்தர் அதிசயம் செய்கிறார், அதே அதிசயம் அடுத்தவருக்கு வேலை கொடுக்கிறது. கரிமாவும் அப்படித்தான். குகை வாயிலில் அசையாமல் உட்கார்ந்து எதிரிகளைத் தடுக்கலாம், ஆனால் அடிக்க இன்னொருவர் வேண்டும்.

பின்னால் வரும் நான்கைப் பதினோராம் லெவலுக்குப் பிறகு, ஆளுக்கு ஒன்று, ஒரு பெருங்கதைக்கு ஒருமுறை என்று வைத்திருக்கிறோம். வசித்துவத்தைச் சக ஆட்டக்காரரின் பாத்திரத்தின் மேல் யாரும் பயன்படுத்தக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்க மாட்டோம். ஒருவருடைய பாத்திரம் என்ன செய்கிறது என்று தீர்மானிக்கும் உரிமையைப் பறித்துவிட்டால் அவருக்கு மேசையில் மிச்சமிருப்பது நாற்காலி மட்டும்.

சக்தியின் செலவைத் தூக்கத்தோடு கட்டாமல் மூலிகையோடு கட்டினோம். கற்பம் என்னும் சித்த மருந்தைத் தயாரிக்கச் சோலைக்குள் போய் மூலிகை தேட வேண்டும். வழிகாட்டி இல்லாமல் கிடைக்காது, மழை நாளில் காயவைக்க முடியாது. சித்தருக்கு ஒரு கட்டுப்பாடு, வழிகாட்டிக்கு ஒரு வேலை.

இன்னொன்று. பழனி முருகன் திருமேனியைப் போகர் நவபாஷாணத்தால் செய்தார் என்பது மரபு. அதை மாயப் பொருளாக விளையாட்டுக்குள் கொண்டுவரலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். கும்பிடுகிறவர்கள் நம் மேசையிலேயே இருக்கிறார்கள். விளையாட்டுக் கணக்கிலும் அது கேடு: எல்லா நோயையும் தீர்க்கும் ஒரு பொருள் வந்தால் வைத்தியம் தெரிந்த பாத்திரத்துக்கு அன்றோடு வேலை போகும்.

பாணர் சண்டையில் எதற்கும் ஆகவில்லையே?

சண்டையைத் தவிர வேறெதுவும் கதையில் இல்லையென்றால் ஆகாதுதான். இந்த மலையின் பழைய கதையையே பாருங்கள். பொதினி, அதாவது பழனிப் பக்கத்தை ஆண்ட வையாவிக் கோப்பெரும் பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தவன். அவன் மனைவி கண்ணகியைப் பிரிந்து இருந்தபோது கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்க்கிழார் ஆகியோர் அவனிடம் போய்ப் பாடினார்கள். புறநானூற்றில் 143 முதல் 147 வரை உள்ள பாட்டுகள் அவை. "எங்களுக்குப் பரிசில் வேண்டாம், நீ அவளிடம் திரும்பிப் போ" என்பதுதான் அவற்றின் சாரம். இதை எந்த வாள் சாதிக்கும்? மன்னனை முகத்துக்கு நேரே கண்டிக்க, தலை போகாமல் திரும்பி வர, யாரால் முடியும்?

எங்கள் பாணருக்கு இதுவே முதல் லெவல் திறமை: பாடிக்கொண்டு வருகிறவரை எந்த ஊரும் வாசலில் வெட்டாது, எந்தத் தலைவனும் முதலில் கேட்காமல் துரத்த மாட்டான். பகடையே கிடையாது, நிச்சயம் நடக்கும். அவர் வாய்திறந்து என்ன கேட்கிறார் என்பதற்குத்தான் பகடை. கோடைமலைத் தலைவன் கடியநெடுவேட்டுவனின் வாயிலில் போய் நிற்கும் அத்தியாயத்தில், மற்ற எல்லாரும் பாணரின் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

டிஎம்முக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு அமர்விலும் வாளால் தீராத ஒரு தடையையாவது வையுங்கள்.

பளியர், குறும்பர் என்று மலைக்குடிகளைக் கிளாஸாக வைக்கலாமா?

வேண்டாம். தேன் எடுக்கப் பாறை இறங்கும் திறமை அருமையான விளையாட்டுத் திறமை. அதைக் கற்றுக்கொண்ட யாருக்கும் கொடுங்கள். ஒரு சமூகத்தில் பிறந்தாலே இன்ன சக்தி என்று எழுதாதீர்கள். நீலகிரியில் குறும்பர்களை மந்திரவாதிகள் என்று பார்த்த பயம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவர்களைக் கொல்லும் அளவுக்குப் போனது. அதே எண்ணத்தை விதிப் புத்தகத்தில் எழுதிவைப்பது விளையாட்டு இல்லை. பளியர் இன்றும் இந்த மலையில் வாழ்கிறவர்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் நாளைக்கு நம் மேசைக்கு வரக்கூடும்.

சமநிலைக்கும் இதுவே நல்லது. பிறப்போடு எண்ணைக் கட்டினால் எல்லா வில்லாளியும் ஒரே குடியில் பிறந்தவராகிவிடுவார். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸே 2024 பதிப்பில் திறன் கூடுதல்களை இனத்திலிருந்து எடுத்து, பாத்திரத்தின் முன்வாழ்க்கையோடு இணைத்துவிட்டது.

நேரச் சமநிலை என்றீர்களே, அது என்ன?

2014 விதிகளில் விலங்குகளை வரவழைக்கும் மந்திரம் ஒன்று உண்டு. எட்டு ஓநாய் வரை வரும். ஒவ்வொன்றுக்கும் இடம், ஒவ்வொன்றுக்கும் தாக்குதல் பகடை, ஒவ்வொன்றுக்கும் அடி. அடிக்கணக்கு எப்படியிருந்தாலும் ஒருவருடைய முறை மற்ற மூவரின் முறையையும் சேர்த்ததைவிட நீளும். மற்றவர்கள் போனை எடுத்துவிடுவார்கள். 2024 பதிப்பு இதை ஒரே மந்தையாக, ஒரே விளைவாக மாற்றியது சரியான திருத்தம். சொந்தக் கிளாஸ் எழுதினால் ஒரு முறைக்கு எத்தனை தடவை பகடை உருள்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

கதை நடுவில் ஒருவர் மட்டும் ரொம்பப் பலமாகிவிட்டார். எப்படிக் குறைப்பது?

முதலில் அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். அவரையே குறிவைக்கும் எதிரிகளைக் கொண்டுவருவதோ, அவர் திறமை மட்டும் பலிக்காத ஊருக்குக் கதையைத் திருப்புவதோ கூடாது. அவருக்கு அது உடனே புரிந்துவிடும், நம்பிக்கை போய்விடும். பெரும்பாலும் குறைப்பதைவிட மற்றவர்களை ஏற்றுவதே சுலபம். பின்தங்கியவருக்கு ஒரு பொருள், ஒரு ஆசான், ஒரு பட்டம். குறைத்தே ஆக வேண்டும் என்றால் அமர்வுக்கு நடுவில் செய்யாதீர்கள். இரண்டு அமர்வுகளுக்கு இடையில் சொல்லி, பாத்திரத்தைப் புதிதாகக் கட்டிக்கொள்ள வாய்ப்புக் கொடுங்கள்.

மூன்றே பேர்தான் இருக்கிறோம், வைத்தியர் இல்லை.

பிரச்சினையில்லை. மருந்துருண்டைகளைத் தாராளமாகக் கொடுங்கள், எதிரிகளின் தலையைக் குறையுங்கள். எதிரியின் எண்ணிக்கை ஒன்று கூடுவது, இருக்கிற எதிரியின் பலம் கூடுவதைவிட ஆபத்தானது. சுற்றுக்குச் சுற்று அடிக்கும் கைகள் கூடுகின்றன அல்லவா?

புதிதாக எழுதிய கிளாஸை எப்படிச் சோதிப்பது?

முழுக்கதையில் இறக்குவதற்கு முன் மூன்று காட்சிகளை மட்டும் ஆடிப் பாருங்கள்: ஒரு கூட்டச் சண்டை, ஒரு பயணத் தடை, ஒரு பேச்சுவார்த்தை. புதிய கிளாஸ் மூன்றிலும் முதலிடம் பிடித்தால் அதிகம். மூன்றிலும் கடைசி என்றால் குறைவு. ஒன்றில் முதல், ஒன்றில் நடு, ஒன்றில் துணை என்று வந்தால் அப்படியே விடுங்கள். அப்புறம் அதே காட்சிகளை அந்தக் கிளாஸே இல்லாமல் ஆடுங்கள். எந்த வித்தியாசமும் தெரியவில்லையென்றால் எண்கள் சரியாக இருந்தும் கிளாஸ் இன்னும் பிறக்கவில்லை.

எழுதியவரே அதை ஆடிச் சோதிக்கக் கூடாது. அவருக்கு எங்கே என்ன பலிக்கும் என்று முன்பே தெரியும். விதியைப் படித்து மட்டும் புரிந்துகொண்ட ஒருவர் கையில் கொடுங்கள்.

விதிகளைத் தமிழில் அச்சிட்டு நண்பர்களுக்குக் கொடுக்கலாமா?

2014 பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பான எஸ்ஆர்டி 5.1, 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியானது. மூலத்தைக் குறிப்பிட்டால் அதை மொழிபெயர்க்கலாம், மாற்றலாம், அச்சிடலாம், விற்கவும் செய்யலாம். பன்னிரண்டு கிளாஸ்களும் அதில் இருக்கின்றன, கிளாஸுக்கு ஒரு கிளையோடு (கிளாஸின் உட்பிரிவு). மற்ற புத்தகங்களில் மட்டும் வருகிற கிளாஸ், கிளைகளுக்கு அந்த அனுமதி இல்லை. நாங்கள் எழுதிய சித்தர், பாணர், மலைவழிகாட்டி பக்கங்களையும் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மேசைக்கு ஏற்ப மாற்றினால், எதை மாற்றினீர்கள், மாற்றிய பிறகு யாருக்கு வேலை கூடியது என்று எங்களுக்கும் எழுதி அனுப்புங்கள்.